நீல அட்டையும் நீல முக்கோணமும்

பரிதாபாத்தில் உள்ள மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்துக்கும் பதிவுக் குழுவுக்கும், காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து ஓர் உரக்கடைக்காரன் எழுதும் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

இந்த மடல் தமிழில் இருக்கிறது. உங்களில் பெரும்பாலோருக்கு இதைப் படிக்க வராது என்று தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் ஒப்புதல் கொடுத்து, ஒவ்வொரு பூச்சிமருந்துப் பாட்டிலோடும் எங்கள் ஊருக்கு வந்து சேரும் துண்டுப்பிரசுரத்தை இங்கேயும் யாரும் படித்ததில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

திருவாரூர் மாவட்டத்தில், கோரையாற்றை ஒட்டிய ஒரு சிறிய கடைத்தெருவில் 26 வருடமாக உரக்கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் உரக்கடை. வருமானம் பூச்சிமருந்தில்தான். ஆகவே கீழே நான் சொல்லப்போகும் குற்றங்களில் பாதி என்னுடையவை. மீதிப் பாதிக்காக உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆவணி பிறந்த சமயம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். சி.ஆர். 1009 நெல் விதை வேண்டும் என்றார். மூட்டையின் மேல் அச்சடித்திருந்த படத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மூட்டையைப் புரட்டி, வாய்த் தையலோடு சேர்த்துத் தைத்திருந்த அட்டையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். “நீல அட்டைதானே தம்பி? வெள்ளை வந்தால் எனக்கு இரண்டு மூட்டை எடுத்து வையுங்கள்” என்றார். அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் வெள்ளை அட்டை ஆதார விதை, நீலம் சான்று விதை, மஞ்சள் வல்லுநர் விதை, பச்சை என்றால் விற்பவரே உத்தரவாதம் சொல்லும் உண்மைநிலை விதை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலாவதித் தேதியை மட்டும் கூட வந்த பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அதே பெரியவர் ஐப்பசியில் மறுபடி வந்தார். பயிரில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது. “போன வருடம் கொடுத்தீர்களே, அந்த நீலம், அதையே கொடுங்கள். நல்ல மருந்து” என்றார். அவர் விரல் காட்டியது பாட்டிலில் இருந்த நீல முக்கோணத்தை. நீல அட்டை நல்ல விதை என்றால் நீல முக்கோணம் நல்ல மருந்து. அவருடைய தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் வந்தது, விதிகள் 1971-இல் வந்தன. 19-ஆவது விதிப்படி ஒவ்வொரு லேபிளிலும் ஒரு சதுரத்தைச் சாய்த்து நிறுத்தி, குறுக்கே இரண்டு முக்கோணமாகப் பிரித்திருக்கிறீர்கள். மேலே எச்சரிக்கைச் சொல், கீழே நிறம். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல, அவற்றின் உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் விஷம் வாய்வழியாகப் போக வேண்டும் என்பது அளவுகோல். 50 வரை சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. இதை நானே கடை தொடங்கிப் பல வருடம் விற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்களைப் போன்ற விற்பனையாளர்களுக்கென்று வாரம் ஒரு நாளாக 48 வாரம் நடக்கும் பட்டயப் படிப்பில், ஒரு மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேரத்தில், பலகையில் வரைந்து காட்டினார்கள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

கடைக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். வலது பக்கம் விதை மூட்டைகள், இடது பக்கம் மருந்து பாட்டில்கள். மஞ்சள், நீலம், பச்சை என்ற அதே மூன்று நிறங்கள் வலது பக்கம் தரத்துக்கு அடையாளம், இடது பக்கம் நஞ்சுக்கு அடையாளம். பத்தடி தூரத்தில் பொருள் தலைகீழாகிறது. போதாததற்கு, பக்கத்து மளிகைக்கடை பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி சைவம் என்று சொல்கிறது. பச்சை முக்கோணம் போட்ட மருந்தை ‘அது சைவ மருந்து, ஒன்றும் செய்யாது’ என்று ஒருவர் என்னிடமே விளக்கியிருக்கிறார். மஞ்சளைப் பற்றி என்ன சொல்ல? புது டிராக்டர் வாங்கினாலும் நாங்கள் முதலில் பூசுவது அதைத்தான். உங்கள் பட்டியலில் அது கடும் நஞ்சு.

நிறங்களை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. விதை அட்டையின் நிறத்தை எங்கள் ஆட்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று மட்டும் யோசியுங்கள். வேளாண் விரிவாக்க மையத்து ஊழியர்கள் மானிய விதை கொடுக்கும் காலத்தில் களத்து மேட்டில் நின்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு போகம் போலி விதையில் ஏமாந்தவர்கள் அடுத்த போகத்தில் அட்டையைக் கேட்டு வாங்கினார்கள். படிப்பறிவு இல்லாத விவசாயி லேபிளைப் பார்க்க மாட்டான் என்று கூட்டங்களில் சொல்பவர்கள் ஆவணி மாதத்தில் என் கடையில் ஒரு நாள் உட்கார வேண்டும். முக்கோணத்தைத் தூக்கிக் காட்டத்தான் எந்தக் களத்து மேட்டுக்கும் யாரும் வரவில்லை.

சொற்களுக்கு வருகிறேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ‘விஷம்’. சிவப்புக்கு மட்டும் கூடவே மண்டையோடு. நீலத்துக்கு ‘அபாயம்’. பச்சைக்கு ‘எச்சரிக்கை’. உங்கள் ஏணியில் ‘அபாயம்’ மூன்றாவது படி. எங்கள் தெருமுனை மின்மாற்றியில் மண்டையோடு போட்டு, கீழே ‘அபாயம்’ என்று எழுதியிருக்கிறது, தொட்டால் கரிக்கட்டை. ஆக எங்கள் ஊரில் அபாயம்தான் உச்சிப்படி. இது எங்கள் அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. ரசாயன லேபிள்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட உலக ஒத்திசைவு முறையிலும், நீங்கள் நீலத்துக்கு வைத்திருக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் மேல் படியில் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரே ஒரு படி, ‘எச்சரிக்கை’. ஆலைக்கு வரும் அமில டிரம்மில் அந்தச் சொல் இருந்தால் மிகக் கடுமையானது என்று பொருள். வயலுக்கு வரும் பாட்டிலில் இருந்தால் மிதமானது என்று பொருள். கோடையில் ஆலை வேலைக்குப் போய்விட்டு ஐப்பசியில் மருந்து அடிக்க வருகிற ஆள் எந்த அகராதியைக் கையில் வைத்துக்கொள்வது?

இனி அளவு. லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தச் சதுரம் இருக்க வேண்டும் என்பது விதி. முகப்பு 16 சதுர அங்குலம் என்றால் சதுரம் ஒரு சதுர அங்குலம். அதில் நிறம் பாதி. நூறு மில்லி பாட்டிலில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வருகிறது. சிகரெட் பெட்டியில் 2016 ஏப்ரல் முதல் 85 விழுக்காடு இடம் எச்சரிக்கைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. முப்பது வருடம் புகைத்தால் கொல்லக்கூடிய பொருளுக்குப் பெட்டி நிறைய எச்சரிக்கை, ஒரு மடக்கில் கொல்லக்கூடிய பொருளுக்கு நகம் அளவு. துண்டுப்பிரசுரத்தில் எல்லாம் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். நஞ்சின் அறிகுறி, முதலுதவி, முறிமருந்து, காலி பாட்டிலை என்ன செய்வது என்பது வரை எல்லாம் ஈர் முட்டை அளவு எழுத்தில், பல மொழிகளில், பதினாறாக மடித்து பாட்டில் கழுத்தில் இருக்கிறது. பாதி என் கடை வாசலிலேயே உதிரும். நானே அதன் ஓரத்தில் பாக்கிக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஆனால் சதுரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் தீராத ஒன்று இருக்கிறது. மருந்தை வாங்குபவர் ஒருவர், அடிப்பவர் வேறொருவர்.

நான்கு வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு மாலை, கடையைச் சாத்தும் நேரம். ஒரு பெண்ணும் அவள் தம்பியும் மொபெட்டில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் மடியில் மருந்து அடிக்கும் டேங்க். அவள் கணவரை எனக்குத் தெரியும். ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு மருந்து அடிப்பவர். அன்றைக்கு மூன்று பேர் வயலில் அடித்திருக்கிறார். மூன்றாவது வயலில் வாயில் நுரை தள்ளி வரப்பில் சாய்ந்துவிட்டார். 108-இல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். “என்ன மருந்து என்று டாக்டர் கேட்கிறார் அண்ணே. எங்களிடம் இதுதான் இருக்கிறது” என்று டேங்கைக் கல்லாவின் மேல் வைத்தாள். அடியில் ஒரு விரற்கடை வெள்ளைத் தண்ணீர். நாஸில் அடைத்துக்கொண்டால் அவர் வாயை வைத்து ஊதித்தான் சரிசெய்வார் என்று தம்பி சொன்னான்.

முகர்ந்து பார்த்தேன். 22 வருட மூக்கு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பில் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் இரண்டு வயல்காரர்களும் என்னிடம் வாங்கியவர்கள், பெயர்கள் கிடைத்தன. மூன்றாவது வயலின் உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். வேறு எங்கோ வாங்கி அனுப்பிய மருந்து. அவருடைய காரியக்காரர் காலையில் டேங்குக்கு இரண்டு மூடி என்று அளவு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைபேசி அணைந்து கிடக்கிறது. மூன்று டார்ச் விளக்கோடு வாய்க்காலில் இறங்கினோம். ஆகாயத்தாமரைக்கு அடியில் பாட்டிலைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளிக்கூடப் பையன். கையில் எடுத்ததும் ஊறிப்போன லேபிள் தோல் உரிவதைப் போலக் கழன்று வந்துவிட்டது. மஞ்சள் முக்கோணமும், பெயரில் பாதியும் தப்பியிருந்தன. அதைப் படமெடுத்து அனுப்பினோம்.

மருத்துவர் அதற்குள் காத்திருக்கவில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்தே அட்ரோபின் என்ற முறிமருந்தைத் தொடங்கிவிட்டார். ஆனாலும் பெயர் வேண்டும். அது ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்து மருந்தா, கார்பமேட் குடும்பத்து மருந்தா என்று தெரிந்தால்தான் அடுத்த முறிமருந்தைத் தீர்மானிக்க முடியும் என்று பிறகு எனக்கு விளக்கினார். ஒன்பது நாள் கழித்து அந்த மனிதர் வீடு திரும்பினார். இப்போது மருந்து அடிக்கப் போவதில்லை. அறுவடையான வயல்களில் வாத்து மேய்க்கிறார்.

அவர் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் டேங்க் அடித்திருப்பார்! ஒரு லேபிளைக்கூட அவர் பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. பாட்டில் வரப்பில் நிற்கிறது, அல்லது காரியக்காரரின் பையில். கலந்த தண்ணீர்தான் முதுகில் ஏறுகிறது. போபாலில் 1984-இல் நடந்ததற்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையில் கையாளும் பொருளின் ஆபத்தை அங்கே வேலை செய்பவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அதே பொருள் ஆலையை விட்டு லாரி ஏறி, என் கடை வழியாக வயலுக்கு வந்து சேரும்போது, கடைசியாகக் கையில் எடுப்பவருக்கு யார் தெரிவிப்பது? உங்கள் விதிகளில் 39-ஆம் எண்ணில் பாதுகாப்பு உடை இருக்கிறது, 42-ஆம் எண்ணில் பயிற்சி இருக்கிறது. பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர்களில் விநியோகஸ்தரும் உண்டு. நான் ஒரு நாளும் செய்ததில்லை. எழுதும்போது கை கூசுகிறது. உடை விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை: பிரசுரத்தில் நீங்கள் வரைந்திருக்கும் முழங்கால் பூட்ஸைப் போட்டுக்கொண்டு எங்கள் களிமண் சேற்றில் ஒருவர் பத்தடி நடந்து காட்டட்டும்.

பாட்டிலையும் மருந்தையும் பார்க்காமலே பாதிக்கப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் வயலுக்கு ஒரு வாய்க்கால் கிடையாது. மேல் வயல் நிரம்பி வழிந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். மேல் வயலில் காலையில் மருந்து அடித்திருப்பார்கள். கீழ் வயலில் களை எடுக்கும் பெண்கள் அந்தத் தண்ணீரில்தான் நாள் முழுக்கக் கையும் காலுமாக நிற்பார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார்கள். மருந்தடித்த வயலில் எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்பதைச் சொல்லும் ஒரு குச்சி, ஒரு துணி, எதுவும் வரப்பில் இருக்காது.

நிறம் சொல்லாமல் விடும் விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறம் உடனடிச் சாவை மட்டும் அளக்கிறது. 600-உம் நீலம், 4,900-உம் நீலம். நடுவே எட்டு மடங்கு வித்தியாசம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. எலிக் கணக்குப்படி அது மஞ்சளில் உட்கார்ந்துவிட்டது. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பிலும் நுரையீரலிலும் சேர்வதற்கு உங்கள் சாய்சதுரத்தில் இடமே இல்லை. உலக ஒத்திசைவு முறையில் அதற்கென்று தனிப் படம் வைத்திருக்கிறார்கள்: மனித மார்பும் அதில் வெடித்த நட்சத்திரமும். மொத்தம் ஒன்பது படங்கள். ஒன்பதையும் எங்கள் மேல் கொட்ட வேண்டாம், நாலு நிறத்துக்கே இந்தப் பாடு. அந்த ஒரு படம் மட்டும் வந்தால் போதும்.

காலி பாட்டில்கள் கதை உங்களுக்கே தெரியும். பீகாரில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள்; பழைய மருந்து கேனில் வைத்த சமையல் எண்ணெய் வழியாக அது கலந்தது என்றார்கள். இங்கேயும் ஐந்து லிட்டர் மருந்து கேனைக் கழுவி மண்ணெண்ணெய்க்கும் மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கவும் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கழன்று போகும் காகித லேபிளைக் கேனிலேயே அச்சடிக்கச் சொன்னால் என்ன?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பாட்டிலோடு ஒட்டுச்சீட்டுகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் ஊறாத, கிழித்து எடுத்து டேங்கின் முதுகில் ஒட்டக்கூடிய சீட்டு. பூச்சியின் படம் வேண்டாம், நிறுவனத்தின் சிங்கமும் புலியும் வேண்டாம். மருந்தின் பொதுப்பெயர், அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, நிறம், முறிமருந்து, எத்தனை நாள் கழித்து வயலில் இறங்கலாம் என்ற எண், அவ்வளவுதான். இன்னொரு சீட்டு வரப்பில் குச்சி நட்டுக் கட்டுவதற்கு. லேபிளுக்கு ஒப்புதல் தருவது நீங்கள்தான் என்பதால் இதைச் சென்னையில் கேட்டுப் பயனில்லை. சதுரத்தைப் பெரிதாக்குவதற்கும், ‘அபாயம்’ என்ற சொல்லை அது இருக்க வேண்டிய படியில் வைப்பதற்கும் விதியையே திருத்த வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்று எனக்குத் தெரியும். சீட்டுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது.

அதுவரை என் கடையில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். முதலில், கிழித்த விதை மூட்டைகளின் அட்டைகள் வீணாகக் கிடக்கின்றனவே என்று அவற்றின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரை எழுதி, சணல் கோர்த்து டேங்கில் கட்டச் சொன்னேன். இரண்டாம் நாளே அந்தப் பெரியவர் வந்து, “நீல அட்டை போட்ட மருந்து வந்திருக்கிறதாமே” என்று கேட்டார். அதோடு அதை நிறுத்திவிட்டேன். இப்போது வெள்ளை அட்டைப்பெட்டியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தடித்த பேனாவால் பெயரும் முறிமருந்தும் எழுதி, மேலே பிளாஸ்டிக் நாடா ஒட்டிக் கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி சிவப்பு மருந்துக்கு மண்டையோடு வரைந்து தருகிறாள். அவள் கைக்கு அது கொஞ்சம் சிரித்த முகமாக வந்துவிடுகிறது. வாங்குபவர்கள் ஏன் சிரிக்கிறது என்று கேட்கிறார்கள்; அந்தச் சாக்கில் நானும் இரண்டு நிமிடம் பேசிவிடுகிறேன்.

அப்படி ஓர் அட்டையை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். பின்பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் குறிப்பை அதிலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
கோரையாற்றங்கரை உரக்கடைக்காரன்

இணைப்பு: அட்டை 1, சணலுடன்